ஆலங்கட்டி விழுந்த வெள்ளிக்கிழமை

அந்த வருடம் கோடை வெயில் சரியாகவே அடிக்கவில்லை. எந்நேரமும் மேகமும் தூறலுமாக இருந்ததில், திராட்சை கறுத்த பிறகும் புளிப்பு இறங்கவில்லை. பறிக்கும் காலம் நெருங்கியபோதுதான் வெயில் வந்தது. தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் அக்காவுக்குப் போன உயிர் திரும்பியது.

ஒயின் தயாரிப்பது தம்பியின் வேலை. அவன் ஒரு பழத்தைக் கடித்துத் துப்பினான்.

"போதும்க்கா, நாளைக்கே பறிச்சிடலாம். வானத்தை நம்ப முடியாது."

"இன்னும் பல்லு கூசுதுடா. இப்பத்தானே வெயிலே வந்திருக்கு, கொஞ்சம் பொறு."

அக்கா சொன்னால் சொன்னதுதான். பறிக்கும் ஆட்களைத் திங்கட்கிழமை வரச்சொன்னான்.

வெள்ளிக்கிழமை மதியம் இருவரும் சாப்பிட உட்கார்ந்தபோது தகரக் கூரையில் யாரோ கல்லெறிவது போலச் சத்தம். எட்டிப் பார்ப்பதற்குள் சன்னல் கண்ணாடி நொறுங்கியது. நெல்லிக்காய் பருமனில் ஆலங்கட்டிகள் அறைக்குள் உருண்டன. அக்கா ஏதோ கத்தினாள்; தம்பிக்குக் காதில் விழவில்லை. தட்டில் சோறு ஆறுவதற்குள் எல்லாம் ஓய்ந்து, பளிச்சென்று வெயில் அடித்தது.

கொடிகளில் இலையே இல்லை. வரிசைகளுக்கு நடுவே வெள்ளையாகக் குவிந்திருந்த பனிக்கட்டிமேல் ஊதாச் சாறு வழிந்துகொண்டிருந்தது. அக்கா திரும்பிக் கொட்டகைக்குப் போய், குழாயைத் திறந்து கூடைகளைக் கழுவ ஆரம்பித்தாள்.

"அக்கா, என்ன பண்றே?"

"திங்கக்கிழமை ஆளுங்க வராங்கல்ல? கூடையெல்லாம் ஒரே அழுக்கு."

தோட்டத்தைவிட அவள் முகம்தான் தம்பியைப் பயமுறுத்தியது. குழாயை மூடினான். அவள் ஈரக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான்தானேடா தடுத்தேன்? திட்டுடா. வாய்க்கு வந்தபடி திட்டு."

"திட்டினா பழம் திரும்பக் கொடியில ஒட்டிக்குமா? தோல் கிழிஞ்சதெல்லாம் நாளைக்கே அழுகிடும். கத்தரியை எடுக்கா."

ஆட்களுக்குப் போன் போட்டான். கைவேலையைப் போட்டது போட்டபடி ஓடிவந்தார்கள். வழக்கமாகப் பாட்டும் கிண்டலுமாகப் பறிப்பவர்கள். அன்று கத்தரிச் சத்தம் மட்டும்தான். இருட்டும்வரை கொடியில் மிஞ்சியதைப் பறித்தார்கள்.

சிவப்பு ஒயினுக்குத் தோலும் சாறும் சேர்ந்து ஊற வேண்டும். கிழிந்த தோலை ஊறவைக்க வழியில்லை. உடனே பிழிந்து சாற்றை மட்டும் எடுத்தார்கள். ஒரே ஒரு தொட்டி நிறைந்தது. ரோஜா நிறத்தில் ஒரு ஒயின், அவர்கள் அதுவரை செய்தே இராதது.

மாதங்கள் கழித்து அக்கா அதை ஒரு வாய் குடித்தாள். மறுபடியும் குடித்தாள்.

"டேய்," என்றாள் திகைத்துப்போய், "நல்லா இருக்குடா!"

பிறகுதான், அன்று வராத அழுகை வந்தது.