ஐம்பதைத் திருப்பினால் ஐந்து

எங்கள் தாலுகா அலுவலகத்தில் வயதைத் திருப்பித் தருகிறார்கள். எழுபத்திரண்டைத் திருப்பினால் இருபத்தேழு. ஒருவருக்கு ஒரு முறைதான். கழித்து வரும் வருடங்களை வீணாக்கக் கூடாது என்பதால் எங்கள் பிரிவின் ஊழியர்களுக்குச் சமமாகப் பிரித்துவிடுவார்கள். எந்த எண்ணைத் திருப்பிக் கழித்தாலும் விடை ஒன்பதால் வகுபடும். அதனால்தான் ஒன்பது நாற்காலிகள். மீதி வந்தால் கணக்கு தவறு, கோப்பு திரும்பிவிடும்.

ஒன்பதாவது நாற்காலி என்னுடையது. மூன்று மாதத்துக்கு முன் இருபத்திரண்டு வயதில் வேலையில் சேர்ந்தேன். இப்போது அறுபத்தாறு. என் கணக்கில் இதுவரை மீதி வந்ததில்லை.

திங்கட்கிழமை அம்மா மனுவோடு வந்தாள். பெயர் சொர்ணத்தாய், வயது ஐம்பத்தொன்று, திருப்பினால் பதினைந்து. அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத வேண்டும் என்பது அவள் ஆசை.

"சீக்கிரம் கையெழுத்தப் போடுடா. ஹால் டிக்கெட் குடுக்குறாங்களாம்."

கழித்தால் முப்பத்தாறு. ஆளுக்கு நான்கு வருடம். மீதியில்லை. ஆனால் அந்த ஐம்பத்தொன்று ரேஷன் அட்டையிலிருந்த பிறந்த வருடத்தை வைத்து வந்தது. அந்த வருடத்தை, வீட்டில் எழுதத் தெரிந்த ஒரே ஆளாக, ஏழாம் வகுப்பில் படித்தபோது நான்தான் குத்துமதிப்பாகப் போட்டு நிரப்பினேன். அம்மா பிறந்த அன்று வெட்டி முடித்த கிணற்றின் கல்லில் வருடம் இருக்கிறது. அதன்படி ஐம்பது. திருப்பினால் ஐந்து, கழித்தால் நாற்பத்தைந்து. அதுவும் ஒன்பதால் வகுபடும். தவறை எண்கள் காட்டிக்கொடுக்காது.

"உனக்கு அம்பதுதாம்மா."

"அப்ப அம்பத்தொண்ணு வர்ற மாதிரி எழுதினது யாரு?"

"நான்தான்."

"நல்லாப் படிச்ச புள்ள."

முதல் நாற்காலியிலிருந்து கண்காணிப்பாளர் ஞானசிகாமணி எட்டிப் பார்த்தார். அவருக்கு முந்நூற்று எண்பத்தெட்டு.

"நாலு வந்தா நான் முந்நூத்தித் தொண்ணூத்திரெண்டு. திருப்பிக்கிட்டு ஒரு நூறு வருஷம் குறைஞ்சிருப்பேன். அஞ்சு வந்தா முந்நூத்தித் தொண்ணூத்திமூணு. அதை எப்படித் திருப்பினாலும் அதேதான் தம்பி. யோசிச்சுப் போடுங்க."

யோசித்தேன். அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அஞ்சுன்னா ஒண்ணாம்புதானே? அ, ஆ தெரியாம பத்தாம்பு எழுதி நான் என்னத்தக் கிழிக்கப்போறேன்? அஞ்சே போடு."

ஐம்பது என்று திருத்திக் கையெழுத்திட்டேன். கண்காணிப்பாளர் பெருமூச்சு விட்டு முத்திரை வைத்தார். எனக்கு எழுபத்தொன்று ஆனது.

அம்மாவின் விரலைப் பிடித்துப் பள்ளிக்குக் கூட்டிப்போனேன். புதிய சான்றிதழில் மை காயவில்லை என்பதால் தலைமையாசிரியை பழைய முறைப்படி பார்த்தார். வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொட வேண்டும். எட்டாவிட்டால் அடுத்த வருடம்தான்.

அம்மாவின் கை உச்சந்தலையோடு நின்றது. இன்னும் கொஞ்சம் முயன்றாள். பிறகு கை வளையாமல் நேராக மேலே வளர்ந்து, என் காதைப் பிடித்துத் திருகியது.

"இடது காதுதானே?" என்று தலைமையாசிரியை எட்டிப் பார்த்து, பதிவேட்டில் பெயரை எழுதிக்கொண்டார்.