ஒன்பது கை, ஏழு பேர்

1

இது நானாக எழுத வந்த கதை அல்ல. ரயில்வே காலனித் தமிழர் சபையின் செயலாளர் ஆரோக்கியசாமி போன மாதம் ஸ்டோர்ஸ் ஆபீசுக்கு வந்து என் மேஜைமேல் கைகளை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"நம்ம நர்ஸம்மாவுக்குப் பாராட்டு விழா வைக்கிறோம். அவங்க வாழ்க்கையைப் பத்தி ஒரு அஞ்சு பக்கம் வேணும். மேடையிலே படிக்கணும். காலனியிலே பி.ஏ. நீர் ஒருத்தர்தான்."

"எனக்குக் கதை எழுத வராது."

"கதை யாரய்யா கேட்டா? நடந்ததை எழுதும். கொஞ்சம் அழுகை வர்ற மாதிரி."

நடந்ததை எழுதத்தான் உட்கார்ந்தேன். எப்படிக் கதையாகிப்போனது என்பதை மூன்றாம் பகுதியில் சொல்கிறேன்.

நர்ஸம்மாவின் பேர் அருளாயி. வயது அறுபத்தைந்து. ஹைதராபாத் பக்கம் லாலாகூடாவில் தனியாக இருக்கிறார். 1945 ஆகஸ்டில் என் மனைவி ஜலஜா டைபாய்டில் இறந்தபோது பக்கத்தில் இருந்தது அவர் மட்டும்தான். ஆரோக்கியசாமி இதை மறந்திருக்க வேண்டும். (அல்லது மறக்காமல்தான் என்னிடம் வந்திருக்க வேண்டும். அவர் அப்படியும் செய்யக்கூடியவர்.)

2

தொடக்கங்கள்.

(அ) "1908ஆம் வருஷம் மூசி ஆறு ஊருக்குள் புகுந்த அன்று, இடுப்பளவுத் தண்ணீரில், அருளாயி ஒரு பச்சைக் குழந்தையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு..."

விட்டுவிட்டேன். ஹைதராபாத்தில் யார் கதையைத் தொட்டாலும் வெள்ளம் வந்துவிடுகிறது. அவரையே கேட்டேன். அன்றைக்கு அவர் பொன்னுக்கு வீங்கியோடு லாலாகூடாவில் படுத்திருந்தாராம். "ரெண்டு கன்னமும் பன்னு மாதிரி இருந்துச்சு தம்பி. வெள்ளம் வந்ததே எனக்கு நாலு நாள் கழிச்சுத்தான் தெரியும்."

(ஆ) "வட ஆற்காட்டிலிருந்து ரயில் பட்டறைக்குப் பிழைக்க வந்த கொல்லர் ஒருவரின் மகள்..."

உண்மை. ஆனால் காலனியில் பாதிப் பேர் அப்படித்தான் வந்தவர்கள்.

(இ) "பதினேழு வயதில் ஆஸ்பத்திரியில் ஆயாவாகச் சேர்ந்தார். இருபத்து மூன்றில் நர்ஸ் பரீட்சை தேறினார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஐம்பத்தைந்தில் ஓய்வு. யுத்தத்தின்போது நர்ஸுகள் போதாமல் அறுபது வயதில் திரும்பக் கூப்பிட்டார்கள். போனார்."

இது நிற்கட்டும். ஒரு நீண்ட வாழ்க்கையை ஆறு வாக்கியத்தில் முடிப்பது நியாயமில்லை. எனக்கு இப்போது இவ்வளவுதான் வருகிறது.

3

ஜலஜா இருந்த பெண்கள் வார்டுக்குள் ஆண்களை விடமாட்டார்கள். நான் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். காலை பத்தே முக்காலுக்கு நர்ஸம்மா வெளியே வந்தார். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"கஷ்டப்படல தம்பி. உங்க பேரைச் சொன்னா. அப்படியே தூங்கிட்டா."

ஜலஜா என் பேரைச் சொன்னதே இல்லை. மூன்று வருஷத்தில் ஒரு தடவைகூட. நம் வீடுகளில் எந்தப் பெண் புருஷன் பேரைச் சொல்கிறாள்? ரேஷன் கடையில் குமாஸ்தா கேட்டால், பின்னால் நிற்கும் என்னைத் திரும்பிப் பார்த்து, "நீங்களே சொல்லிடுங்க" என்பாள். குமாஸ்தா ஒருநாள், "ஏம்மா, கூட்டத்திலே அவர் தொலைஞ்சுபோனா எப்படிக் கூப்பிடுவே?" என்று கேட்டார். "தொலையமாட்டார்" என்றாள்.

கடைசியில் ஒரு தடவை சொல்லியிருக்கிறாள். அதை வைத்துக்கொண்டுதான் இரண்டு வருஷமாக ஆபீஸ் போய் வருகிறேன். வேறு எதுவும் அதிகம் இல்லை.

இதற்கும் பாராட்டு விழாவுக்கும் சம்பந்தமில்லை என்றுதான் நினைத்திருந்தேன். நர்ஸம்மா பிளேக் ஊசி விஷயத்தைச் சொல்லும்வரை.

4

அவர் முற்றத்தில் அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தார். நான் ஸ்டூலில் உட்கார்ந்து குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தேன்.

1911. ஊரில் பிளேக். வீடு வீடாக ஊசி போட வேண்டும். கோஷா வீட்டுப் பெண்கள் ஆண் டாக்டருக்குக் கை நீட்டமாட்டார்கள். அதனால் அருளாயியை அனுப்பினார்கள். பெட்டி தூக்கவும் பதிவு எழுதவும் கம்பவுண்டர் அப்துல் ரஹீம் கூடப் போனார். அவர் ஆண் என்பதால் நடுவில் திரை.

(இதுவரை என் வாக்கியங்கள். இனி அவர் சொன்னபடியே.)

"பழைய ஊர்ல ஒரு ஜாகீர்தார் வீடு. ஒன்பது பொம்பளைங்கன்னு பட்டியல். திரையில ஒரு ஓட்டை. அது வழியா ஒவ்வொரு கையா வரும். உள்ளேயிருந்து ஒரு கிழவி ஏக், தோ, தீன்னு எண்ணுவா, ஏலம் போடுற மாதிரி. ரெண்டாவது கை வேலைக்காரப் பொண்ணோடது. இடது கை. மணிக்கட்டுல ரொட்டி சுட்ட தழும்பு, கண்ணாடி வளையல். போட்டேன். அஞ்சாவது ஒரு வலது கை வந்துச்சு. நாலு தங்க வளையல், முழங்கை வரைக்கும் தொளதொளன்னு ஓடுது. வேற யாரோ கைக்குச் செஞ்ச வளையல். மருந்து உள்ளே போனப்புறம்தான் அதைக் கவனிச்சேன். எட்டாவது, மறுபடியும் இடது கை."

"தழும்பு?"

"ஹவ், ஆமா. அதே தழும்பு. மேலே நான் குத்தின இடத்துல ரத்தப் பொட்டு இன்னும் காயல. என் ஊசியே எனக்கு சலாம் போட்டுச்சு."

"என்ன செஞ்சீங்க?"

"அஞ்சாவதும் அவ கைதான்னு அப்பத்தான் புரிஞ்சுது. மூணாவது மருந்தும் போனா அந்தப் பொண்ணு தாங்குமா? மருந்தைத் தரையிலே பீச்சிட்டு வெறும் ஊசியைச் சும்மா தொட்டு எடுத்தேன். அப்புறம் அந்தக் கையை மெதுவா ஒரு தட்டு. வெடுக்குனு உள்ளே போயிடுச்சு."

"பதிவிலே?"

"ரஹீம் பாய் கேட்டார், எத்தனைன்னு. ஒன்பதுன்னேன்."

"ஏழு பேர்தானே, நர்ஸம்மா?"

"ஏழுன்னா அந்தப் பொண்ணோட முதுகு என்ன ஆகும்? அடுத்த வீட்டுக்காரன் எனக்குக் கதவைத் திறப்பானா? அந்தத் தெருவுல அன்னைக்கு இன்னும் பதினாலு வீடு பாக்கி."

"ஊசி போட்டுக்காத அந்த ரெண்டு பேர் என்ன ஆனாங்க?"

அவர் நாரை உரித்தார். "தெரியாது. திரும்பிப் போய்க் கேக்கலை."

பிறகு சிரித்தார். "இதை மேடையிலே படிக்க நக்கோ, வேணாம் தம்பி. ஆரோக்கியசாமி போட்ட மாலையைத் திருப்பிக் கேப்பான்."

5

இந்த இடத்தில் எழுதுகிறவனுக்கு ஒரு சங்கடம்.

வேறு யாராவது எழுதினால் கதைக்கு இதைவிட நல்ல ஆள் கிடைக்கமாட்டார். ஏழு பேரை ஒன்பது என்று, முகம் மாறாமல், நல்ல காரணத்துக்காகச் சொல்லக்கூடியவர். அவர் செய்தது சரி என்றுதான் நானும் நினைக்கிறேன். இரண்டு பேரைத் திரைக்குப் பின்னால் விட்டுவிட்டு வந்ததையும் சேர்த்தே நினைக்கிறேன்.

ஆனால் வராந்தாவுக்கு வந்து என்னிடம் பேசியதும் அதே வாய்.

ஜலஜாவின் கட்டில் தலைமாட்டில் ஒரு சீட்டு தொங்கியது. அதில் "இன்னார் மனைவி" என்று என் பேர் இருந்தது. யாரும் படிக்கலாம். வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் ஒருவனுக்கு என்ன சொன்னால் எழுந்து வீட்டுக்குப் போவான் என்பது, நாற்பது வருஷ வேலையில், தெரிந்திருக்கும். எல்லோரிடமும் அதையே சொல்லியிருக்கலாம். ஜுரத்தின் உச்சியில் ஜலஜா உண்மையிலேயே சொல்லியும் இருக்கலாம். ஜுரத்துக்கு நம் வழக்கம் தெரியாது.

"அருளாயிக்குப் பொய் சொல்லத் தெரியாது." கோடு போட்டு அடித்தேன்.

"அருளாயி தேவையான இடத்தில் மட்டும்" அடித்தேன்.

"அருளாயி"

(நான்காம் பகுதி இல்லாத பிரதி ஒன்றும் என்னிடம் இருக்கிறது. ஐந்து பக்கம். சரளமாகப் போகிறது. ஆரோக்கியசாமிக்குப் பிடித்துவிட்டது. வெள்ளத்தை மட்டும் சேர்க்கச் சொன்னார்.)

6

முடிவு ஒன்று. நான் எதுவும் கேட்கவில்லை. "விழா இனிதே நடந்தேறியது. கூட்டம் எழுந்து நின்று..."

விழா இன்னும் நடக்கவில்லை. சமஸ்தானம் யார் பக்கம் என்று தெரியாமல் ஊர் கொந்தளிக்கிற நிலைமையில் நடக்குமா என்பதே சந்தேகம். நடக்காததை எழுதுவது சுலபமாக இருக்கிறது. அதனால் நிறுத்தினேன்.

முடிவு இரண்டு. இது நடந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை நர்ஸம்மா சர்ச்சில் பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் போனேன். ஸ்டூலில் உட்கார்ந்தேன். குறிப்புப் புத்தகம் எடுத்துப் போகவில்லை.

"காபி போடட்டுமா?"

"வேண்டாம். ஒண்ணு கேக்கணும். ஜலஜா போன அன்னைக்கு வராந்தாவிலே என்கிட்டே ஒண்ணு சொன்னீங்க. அது நிஜமா?"

கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நடிப்பு இல்லை. உண்மையாகவே தேடினார்.

"நான் என்ன சொன்னேன் தம்பி?"

அவருக்கு நினைவில்லை. அந்த வருஷம் அந்த வார்டில் எத்தனை பேர். அவருக்கு எத்தனை வராந்தாக்கள். குறை சொல்ல முடியாது. நான்தான் அதைத் தினமும் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கு அது வேலை முடிந்து கை துடைக்கும் நேரம்.

"சொல்லுங்க. சொன்னா ஞாபகம் வந்துடும்."

இங்கே நிற்கிறேன்.

அவர் சொன்னதை அப்படியே சொல்லலாம். என் பேரைச் சொன்னதாகச் சொன்னீர்கள் என்று. உடனே "ஆமா" என்பார். அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். அந்த "ஆமா" எப்படிப்பட்டது என்று இப்போது எனக்குத் தெரியும்.

சொல்லாத ஒன்றையும் சொல்லலாம். தண்ணீர் கேட்டதாகச் சொன்னீர்கள் என்று. "ஆமா, தண்ணி கேட்டா" என்று அவர் தலையாட்டினால் எல்லாம் முடிந்தது. "தண்ணியா? இல்லையே, உங்க பேரை இல்ல சொன்னா" என்றால், அதற்குப் பிறகு யாரும் அதை என்னிடமிருந்து எடுக்க முடியாது. இதைக் கேட்க வேண்டுமானால், இருப்பதை முதலில் கீழே வைக்க வேண்டும்.

நான் எதைச் சொன்னேன் என்று எழுதப்போவதில்லை. ஸ்டூலை உங்களுக்கு விடுகிறேன். எதிரே அருளாயி. உங்களுக்கு உதவவேண்டும் என்பதைத் தவிர அவர் மனதில் எதுவும் இல்லை. இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள்.

யோசியுங்கள், ஆனால் சீக்கிரம். ரொம்ப நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தால் உங்களுக்கு எது வேண்டும் என்று அவருக்குப் புரிந்துவிடும்.