ஐம்பதில் ஐந்து

2021 டிசம்பர் ஆறாம் தேதி, திங்கட்கிழமை, காலை பதினோரு மணிக்கு, பெங்களூர் லிங்கராஜபுரத்தில் எங்கள் பீர் விடுதியின் மாடியறையில், மூன்று கண்ணாடிக் குவளைகளில் கறுப்பு ஏல் பீர் ஊற்றப்பட்டது. நுரை மெதுவாக ஏறி விளிம்பில் நின்றது, வெல்லப்பாகு கொதித்து அடங்கும்போது மேலே தங்கும் பழுப்பு, அதற்கடியில் வெளிச்சம் புகாத கறுப்பு, ஜன்னல்கள் மூடியிருக்கின்றன, மின்விசிறி நின்றிருக்கிறது, சுவைக்கும் நாளில் இந்த அறைக்குள் யாரும் பூ வைத்துக்கொண்டு வரக் கூடாது, சென்ட் கூடாது, எல்லோரும் மார்க் போட்டு முடிக்கும்வரை பேசக் கூடாது, முகத்தில் எதையும் காட்டவும் கூடாது, எல்லாம் நான் போட்ட விதிகள், இப்போது எங்களிடம் வேலை பார்க்கும் மோகனப்பிரியா என்னைவிடக் கண்டிப்பாக அவற்றைக் காப்பாற்றுகிறாள், பூவில்லாத பின்னலை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, குவளையின் வாய்க்குள் மூக்கை இறக்குகிறாள், எதிரில் உட்கார்ந்து என் கணவன் ரூபஸ் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

என் முகத்தை அப்படித்தான் பார்ப்பான், முதல் மிடறு தொண்டைக்குள் போகும் அந்த ஒரு கணம், நான் கல்லாக வைத்திருக்கும் முகத்தில் புருவம் நூலளவு அசைந்ததா என்று, அதைப் பார்த்தே அவனுக்குத் தெரிந்துவிடும், பீர் தேறியதா இல்லையா என்று, விதியை மீறுகிறாய் என்று கையில் பென்சிலால் அடிப்பேன், நான் உன்னைத்தான் பாக்கறேன், பீரப் பாக்கல என்பான், அது பொய், ஆனால் அந்தப் பொய்யில்தான் நான் வாழ்ந்துகொண்டிருந்தேன். முதன்முதலில் அவன் என்னைப் பார்த்தது வேறொரு விடுதியில், அங்கே அவன் பீர் காய்ச்சுகிறவருக்கு உதவியாளன், நான் ஒரு பத்திரிகையில் செய்திகளைத் திருத்திக்கொண்டிருந்தவள், அலுவலக நண்பர்களோடு போயிருக்கிறேன், புது ஏல் ஒன்றை ஊற்றிவிட்டு மேஜை மேஜையாகப் போய் மார்க் போடுங்க என்று கெஞ்சிக்கொண்டிருந்தான், எல்லோரும் எட்டு, ஒன்பது என்று வாரி வழங்கினார்கள், நான் மட்டும் இதுல வெண்ணெய் நாத்தம் அடிக்குதே என்றேன், இன்னாது, வெண்ணெயா, என்று குனிந்து என் குவளையை முகர்கிறான், ஒன்றும் தெரியவில்லை, மறுபடி முகர்கிறான், முகம் வெளிறிப்போகிறது. அந்த ஒரு வாசனை மட்டும் அவனுக்குப் பிறவியிலேயே கிடையாது, சிலருக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றாகத் தெரிவதுபோல, கோலார் தங்கவயலில் வளர்ந்தவன், மழைக்கு முன்னால் மண் வாசனை, கிராம்பு, வறுத்த பார்லி, ஈரச்சாக்கு, எதையும் விடமாட்டான், வெண்ணெய் மட்டும் தெரியாது, பீரில் வெண்ணெய் வாடை வந்தால் ஈஸ்ட் தன் வேலையை முடிக்கவில்லை என்று அர்த்தம், அந்தக் குறையைக் கண்டுபிடிக்க முடியாத ஒருவன் பீர் காய்ச்சுகிறான். பென்சிலை என்னிடம் நீட்டினான், இனிமே நீயே சொல்லு என்றான், எங்கள் கல்யாணம் அங்கேதான் நடந்தது என்று நினைத்துக்கொள்வேன், சர்ச்சில் நடந்தது பிறகு.

2021 மே மாதத்துக் கொரோனாக் காய்ச்சல் என் மூக்கை எடுத்துக்கொண்டு போயிற்று. காபி என்பது சூடான பழுப்புத் தண்ணீர், மீன் குழம்பு என்பது புளிப்பும் எரிச்சலும், ரூபஸின் சட்டையில் முகத்தைப் புதைத்தால் துணி, வெறும் துணி, திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். நாக்கு மிச்சம் இருந்தது, கசப்பு, இனிப்பு, புளிப்பு, உப்பு, அப்புறம் வாய்க்குள் திரவம் நடந்துகொள்ளும் விதம், கனமா, மெலிசா, உரசுகிறதா, வழுக்குகிறதா. எங்கள் மேஜையில் ஒரு பீருக்கு ஐம்பது மார்க், வாசனைக்குப் பன்னிரண்டு, தோற்றத்துக்கு மூன்று, சுவைக்கு இருபது, மொத்த நிறைவுக்குப் பத்து, வாய்க்குள் இருக்கும் உணர்வுக்கு ஐந்து, சுவை என்று நாம் சொல்வதிலும் பெரும்பகுதி மூக்கின் வேலைதான் என்பதால் எனக்கு மிஞ்சியது அந்த ஐந்து, அதை மட்டும் போட்டுவிட்டு மற்றக் கட்டங்களில் கோடு இழுக்கிறேன், அக்காவோட மூக்கு லீவுல கீது, நாக்குதான் ஓவர்டைம் பாக்குது என்று ரூபஸ் ஒருநாள் மோகனப்பிரியாவிடம் சொல்கிறான், அவள் சிரிக்கவில்லை, அவள் சிரித்திருந்தால் அவளை வெறுக்க எனக்கு ஒரு காரணம் கிடைத்திருக்கும்.

ஜூலையில் வந்தாள், ஊத்துக்குளிப் பெண், கோயம்புத்தூரில் உணவுத் தொழில்நுட்பம் படித்தவள், ரூபஸ் மூடிபோட்ட சின்னப் பாட்டில்களை வரிசையாக வைத்து முகர்ந்து என்னவென்று சொல்லச் சொன்னான், இது கசப்புக்குப் போடற ஹாப்ஸ் கெட்டுப்போனதுங்க, இது பச்சை ஆப்பிளாட்ட இருக்குதுங்க, இது அட்டைப்பெட்டி நனைஞ்சு காஞ்ச வாசமுங்க, கடைசிப் பாட்டில் வெண்ணெய், இதுக்கு எங்கூருக்கே வந்திருக்கலாமேங்கண்ணா, தெருவெல்லாம் இதானுங்க என்கிறாள், ரூபஸ் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே என்னைக் கூப்பிடுகிறான், மேல வா, இந்தப் பொண்ணப் பாரு, படியேறி வந்த நான் அந்தப் பெண்ணைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்துக்கொண்டிருந்த அவனைப் பார்த்தேன். அவனுக்கும் அவளுக்கும் நடுவில் வேறு எதுவும் இல்லை என்பது எனக்குத் தெரியும், ஏதாவது இருந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும், கத்தியிருக்கலாம், வேலூருக்கு அம்மா வீட்டுக்குப் பெட்டியைக் கட்டியிருக்கலாம், ஒரு பெண் முகர்வதை என் கணவன் பார்க்கிறான் என்று யாரிடம் போய்ச் சொல்வது. கனவில் மட்டும் எனக்கு வாசனை திரும்பி வரும், கொப்பரையில் முளைகட்டிய பார்லி மால்ட் கொதிக்கிறது, ரொட்டி, கருகிய சர்க்கரை, வைக்கோல், எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிவருகின்றன, நெஞ்சு நிறைய இழுக்கிறேன், ரூபஸ் என்னைப் பார்க்கிறான், கொப்பரைத் தண்ணீரில் என் முகத்தைக் குனிந்து பார்த்தால் அவள் முகம், அவள் மூக்குத்தி, விழித்துக்கொண்டு தலையணையை முகர்ந்து பார்ப்பேன், ஒன்றும் இருக்காது.

பென்சில்கள் நின்றுவிட்டன. சொல்லுங்க என்கிறான் ரூபஸ், அது பன்மை, கண் மட்டும் ஒருமையில் அவளிடம் இருக்கிறது. வாசனைக்குப் பதினொண்ணு போட்டிருக்கறனுங்க, காபி, கருப்பட்டி, அடியில ஒரு மைசூர்பா வாசம் லேசா இழையோடுதுங்கண்ணா, கிறிஸ்துமஸுக்குன்னே செஞ்சாப்டி இருக்குது என்றாள், ரூபஸ் மேஜையில் தட்டினான், பதினெட்டாம் தேதி திறக்கிறோம் என்று விளம்பரம் ஒட்டியாகிவிட்டது, வருஷத்துக்கு ஒருமுறை வரும் இந்தக் கறுப்பு ஏலுக்காகவே வருகிறவர்கள் உண்டு, என்னிடம் திரும்பி, நீ எத்தினி போட்ட என்றான், ரெண்டு என்றேன். அஞ்சுக்கா. ஆமா, அஞ்சுக்கு. வாய்க்குள்ள வழுக்குது ரூபஸ், முழுங்கின அப்புறமும் நாக்கு மேல ஒரு ஏடு நிக்குது, இது எனக்குத் தெரியும், வெண்ணெய் இருந்தா இப்படித்தான் நிக்கும், ஈஸ்ட் முடிக்கல. அவன் மோகனாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், அதுல ஓட்ஸ் போட்டிருக்கேன்மா, வழுக்கத்தான் செய்யும், போன வருஷத்தவிட இந்தவாட்டி ஜாஸ்தி என்றான், மெதுவாகத்தான் சொன்னான், பிறகு இன்னும் மெதுவாக, உனக்கு வாசனை தெரியாதே என்றான். உனக்கும்தான் அந்த வாசனை தெரியாது என்றேன். மோகனா குவளையின் அடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள், துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

அவன் சொன்னது சரியாக இருக்கலாம், ஓட்ஸ் கஞ்சியும் வழுக்கும், என் நாக்கில் நின்றது ஏடா அல்லது பதினொண்ணு என்று அவள் சொன்னபோது என் வாயில் ஊறியதா, எனக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை, ஒரு செய்தியை இரண்டு பேர் உறுதி செய்யாமல் அச்சுக்கு விடாதே என்று பழக்கப்பட்டவள் நான், இங்கே உறுதி செய்ய எனக்கு இருந்தது ஒரே ஆள், அது அவள். சூடு பண்ணிப் பாத்துடுவோம் என்றேன். ஒரே டேங்கிலிருந்து இரண்டு மூடிய பாட்டில்கள், ஒன்றை அப்படியே வைத்து, இன்னொன்றை வெந்நீரில் இறக்கி வைத்து ஆறவிட்டுத் திறந்தால், ஒளிந்திருக்கும் வெண்ணெய் வெளியே வந்துவிடும், அதைச் செய்யக் கற்றுக்கொடுத்ததும் நான்தான், பாத்திரத்தில் தண்ணீர் முணுமுணுக்கிறது, மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம், கீழே சமையலறையில் யாரோ கன்னடத்தில் பாடுகிறார்கள், உண்டு என்றோ இல்லை என்றோ அவள் சொல்ல வேண்டும், அவள் எதைச் சொன்னாலும் நான் தோற்பேன் என்று எனக்குப் புரிகிறது, குறை இல்லை என்றால் நான் பொறாமைக்காரி, குறை உண்டு என்றால் அதையும் அவள் மூக்குதான் சொன்னது. ரூபஸ் பாட்டிலைத் திறந்து அவளிடம் நீட்டினான். முகர்ந்தாள். சூடுபடுத்தாததை முகர்ந்தாள், மறுபடி இதை, பிறகு கண்ணைத் திறந்து, அவனைப் பார்க்கும் முன்னால், ஒரே ஒரு கணம் என்னைப் பார்த்தாள்.

அக்கா சொன்னது சரிங்கண்ணா, மைசூர்பா இல்லீங்க, நெய்யேதானுங்க, இது எங்கூட்டு வாசமாப் போச்சுங்களா, நல்லதுன்னு நெனச்சுட்டேன், என்றாள், காது வரை சிவந்திருந்தது. ரூபஸ் நாற்காலியில் சாய்ந்து மூச்சை விட்டான், என் பக்கம் திரும்பினான், பழைய பார்வை, பென்சிலை நீட்டிய நாளின் பார்வை, ஏழு மாதமாக நான் கேட்காமல் கேட்டுக்கொண்டிருந்த பார்வை, அப்பா, நல்லவேளை சொன்ன என்றான், அது என்மேல் விழுந்தது, நான் அதை எடுத்துக்கொள்ளாமல் அவள் என்னைப் பார்த்த கணத்தையே புரட்டிக்கொண்டிருந்தேன், இரக்கப்பட்டுக் கொடுத்ததா, அப்படியானால் ஒரு டேங்க் முழுக்க நல்ல பீரை எனக்காக நிறுத்தி வைத்திருக்கிறாளா. படிக்கட்டில் அவளைப் பிடித்துக்கொண்டேன், நெசமாத்தான் சொன்னியா என்றேன். அவள் திரும்பி நின்று, ஏனுங்க்கா, பதினொண்ணு போட்டது நான்தானுங்களே, எம் மானம் போறாப்ல ஒரு பொய்யை நானே சொல்லுவனுங்களா, என்றாள், கோபம்தான், சுத்தமான கோபம், அதில் நம்பிக்கை வந்தது. அவளை விட்டிருக்கலாம், கையை விடவில்லை. எப்படி இருந்தது, சொல்லு என்றேன். எதுங்க்கா. அந்த வாசனை. அவளுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது, கோபம் வடிந்து, கைப்பிடியில் சாய்ந்துகொண்டு யோசிக்கிறாள், எங்கம்மா வெண்ணெய உருக்கி எறக்கறப்ப முருங்கக்கீரை போடுவாங்க்கா, கீரை படபடன்னு பொரியறதுக்குக் கொஞ்சம் முன்னால ஒரு வாசம் வருமுங்க, இன்னும் நெய்யாகல, வெண்ணெயும் இல்ல, அது, அப்புறம் அதுமேல காபிக்கொட்டைய வறுத்துக் கொட்டுனாப்ல, என்று சொல்லிக்கொண்டே போகிறாள், நான் கண்ணை மூடி நிற்கிறேன், பசித்தவள் அடுத்த வீட்டுச் சமையலைக் கேட்டுக்கொண்டிருப்பதுபோல, ஒரு சொல்லும் விடாமல் வாங்கிக்கொள்கிறேன், அவ்வளவு அழகாகச் சொல்கிறாள் என்பதற்காகவும் அவளைப் பொறுக்க முடியவில்லை, போதும், போ என்றேன்.

டேங்கின் சூட்டைக் கூட்டி ஈஸ்டை மறுபடி எழுப்பினார்கள். அந்தக் கிறிஸ்துமஸுக்கு எங்கள் விடுதியில் கறுப்பு ஏல் இல்லை, விளம்பரத்தின்மேல் வேறு தாள் ஒட்டினோம். ஜனவரி முதல் வாரத்தில் மறுபடி சுவைத்தோம், அதே ஜன்னல்கள், அதே மூன்று குவளைகள், நுரை விளிம்பில் வந்து நிற்கிறது, நான் முதல் மிடறை நாக்கில் உருட்டுகிறேன், ஏடு போய்விட்டது, வழுக்கல் ஓட்ஸுக்கு உரிய அளவுதான், நாலு என்று எழுதிவிட்டு நிமிர்கிறேன், ரூபஸ் மோகனாவைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பார்ப்பதில் தப்பில்லை. எங்கூட்டு வாசம் என்று ஒதுக்கத் தெரியாமல் இருந்தது ஒன்றுதான் அவளிடம் இருந்த குறை, அதை நான் டிசம்பரிலேயே திருத்திக் கொடுத்துவிட்டிருந்தேன். நெய் இல்லீங்கண்ணா, சுத்தமாப் போயிருச்சுங்க என்றாள் அவள், என்னைப் பார்க்காமலே.

ஏல் பொங்கலுக்கு முந்தின வாரம் திறந்தது, மாதம் முடிவதற்குள் தீர்ந்தது. வந்தவர்கள் போட்ட மார்க்கின் சராசரி ஐம்பதுக்கு நாற்பத்தொன்று. பிப்ரவரியிலிருந்து நான் கீழ்த்தளத்தில் உரிமம், விளம்பரம், ஆட்கள் சம்பந்தப்பட்ட வேலைகளைப் பார்க்கிறேன். வாய்க்குள் இருக்கும் உணர்வுக்கான அந்த ஐந்து மார்க்கையும் மோகனப்பிரியாவே போடுகிறாள்.