நீளக் கட்டை

அம்மாவின் படம் கீறிக்கொண்டு வரச் சொல்லிப் பள்ளிக்கூடத்தில் கேட்டபோது, யதுர்ஷிகா அம்மாவின் முதுகைக் கீறிக் கொடுத்தாள். பிள்ளையில் பிழையில்லை. ஆடைத் தொழிற்சாலை பஸ் விடிய முன்னம் வந்துவிடும். பிள்ளை கண்ணைக் கசக்கிக்கொண்டு எழும்பும் நேரம் தாய் சுகந்தினி வாசல் படலையைத் தாண்டிக்கொண்டிருப்பாள். அவள் திரும்பி வரும்போது பிள்ளை நித்திரை. ஆகவே, பின்வீதியில் இருக்கும் பூவரசங்கட்டு கூட்டுறவுச் சங்கத்தில் கணினியில் கடிதம் அடிக்க ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், அந்த வேலை தனக்குக் கிடைத்தே ஆகவேண்டும் என்று அவள் முடிவுகட்டினாள்.

சோதனை எப்படி என்று விசாரிக்கப் போனபோது, சங்கத் தலைவர் வீரையா விளக்கமாகச் சொன்னார்.

"எழுத்தடிக்க விட்டால் பிழை பாக்க வேணும் பிள்ளை. பிழை பாக்க எங்கட குழுவில ஆளில்லை. தமிழில அடிக்கிறதோ இங்கிலிசில அடிக்கிறதோ எண்டு போன கூட்டத்தில கதிரை எறிஞ்சவங்கள். அதால ஒரு முடிவெடுத்திருக்கிறம். கீபோட்டில கீழ ஒரு நீளக் கட்டை இருக்கெல்லே, சொல்லுக்குச் சொல் இடம் விடுறது? பத்துச் செக்கனில அதை ஆர் கூடத் தரம் அடிக்கினமோ அவைக்கு வேலை. இடைவெளியில பிழை விட ஏலாது. கள்ளமும் செய்யேலாது."

"ஐயா, நான் தட்டச்சு படிச்சனான். ஒரு பக்கம்..."

"பக்கம் கிடக்கட்டும். கட்டையை அடியுங்கோ."

நெளுக்குளத்தில் பாறூக் நானாவின் போட்டோக் கொப்பிக் கடையில் ஒரு கணினி உண்டு. அடிகளை எண்ணிக் காட்டும் இணையப் பக்கம் ஒன்றைப் பாறூக்தான் தேடித் திறந்து கொடுத்தார். சுகந்தினி சுட்டுவிரலால் அடித்துப் பார்த்தாள், நடுவிரலால் அடித்துப் பார்த்தாள், இரண்டு கையையும் மாற்றி மாற்றி அடித்துப் பார்த்தாள். கொப்பி எடுக்க வந்தவர்கள் அலுவலை மறந்து பின்னால் நின்று யோசனை சொன்னார்கள். ஒருவர் மூச்சை அடக்கச் சொன்னார். இன்னொருவர் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் சாப்பிட்டால் விரலுக்குப் பலம் பிடிக்கும் என்றார்.

"தங்கச்சி, விரல் களைச்சிட்டுது. பெருவிரலைப் பாவியுங்கோ. அதுதான் மாடு மாதிரி உழைக்கும்" என்றார் பாறூக்.

"பெருவிரலுக்குப் பழக்கம் இல்லையே நானா."

"அப்ப பழக்குங்கோ."

வீட்டில் கணினி இல்லை. ஆனால் புருஷன் பிரதீபனின் ஓட்டோவில் ஹோர்ன் இருந்தது. தொழிற்சாலை இல்லாத ஞாயிறு காலை, முற்றத்தில் நின்ற ஓட்டோவில் ஏறிப் பெருவிரலை ஹோர்ன் பொத்தானில் வைத்துத் தொடங்கினாள். பீ பீ பீ பீ பீ.

அந்தப் பக்கத்தில் விட்டு விட்டு ஹோர்ன் கேட்டால் மீன்காரர் வந்திருக்கிறார் என்றுதான் அர்த்தம். இரண்டாம் சுற்று முடிவதற்குள் படலையடியில் ஏழெட்டுப் பெண்கள் சட்டியோடு நின்றார்கள்.

"என்ன மீன் பிள்ளை?"

"மீன் இல்லையக்கா. பெருவிரல் பழக்கிறன்."

"சூடை எண்டாலும் பரவாயில்லை."

"அக்கா, மீனே இல்லை!"

"அப்ப ஏன் இந்த அவசரமா அடிச்சனீ? பழுதாப் போற மீனாக்கும் எண்டெல்லே ஓடி வந்தனாங்கள்!"

மாலையும் அடித்தாள். மாலையும் சட்டிகள் வந்தன. அடுத்த நாள் உண்மையான மீன்காரர் வந்தபோது ஒரு குருவியும் வெளியே வரவில்லை. அவர் பூநகரியில் இருந்து ஐஸ் போட்டுக் கொண்டுவந்த திரளி மீன் முழுவதையும் திருப்பிக் கொண்டு போனார். பிரதீபன் தலையில் கையை வைத்தான்.

"சுகந்தி, ஊருக்கு மீன் இல்லாமப் பண்ணிட்டாய். இந்த வேலை கிடைக்காட்டி நாங்கள் இடம்பெயர வேண்டியதுதான்."

சோதனை நாள் வந்தது. சங்கக் கணினியின் நீளக் கட்டையில் வாணி விழாவுக்கு வைத்த சந்தனப் பொட்டு இன்னும் காய்ந்தபடி இருந்தது. பொருளாளர் இராசேஸ்வரி, "பொட்டில கை படாமல் அடியுங்கோ" என்று எச்சரித்தார். வந்தவர்கள் இரண்டே பேர். மற்றவன் சஜீவன். கணினி விளையாட்டிலேயே வளர்ந்த பொடியன். பொட்டுக்கு வலப்பக்கமாக விரலை வைத்து எழுபத்தொரு தரம் அடித்துவிட்டு, வியர்வைகூட இல்லாமல் எழும்பினான்.

சுகந்தினி இருந்தாள். பெருவிரலை வைத்தாள். திரையில் எண் ஏறியது. வீரையா நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏழாவது செக்கனில் டக் என்று ஒரு சத்தம். நீளக் கட்டை இரண்டாக முறிந்து, ஒரு பாதி மேசையில் விழுந்தது, மற்றப் பாதி தலைவரின் பிளேன்ரீக் கோப்பைக்குள் விழுந்தது. ஹோர்ன் பொத்தானுக்குப் பழகிய விரல். எண் ஐம்பத்தெட்டில் நின்றது.

இனி ஆயுள் முழுக்க விடியற்காலைப் பஸ்தான் என்று நினைத்தாள்.

"சங்கச் சொத்து உடைஞ்சு போச்சு" என்றார் இராசேஸ்வரி. உடனே அலுமாரியைத் திறந்து விதிக் கோவையை எடுத்து ஒன்றை வாசித்தார். உழவு மெசின் சாரதிமாருக்கென்று எப்போதோ எழுதிய விதி அது. சங்கச் சொத்தைச் சேதப்படுத்தியவர், அது சீராகும்வரை சங்கத்தின் சேவையை விட்டு நீங்க முடியாது.

"அவா சேவையில இல்லையே" என்றார் வீரையா.

"இல்லாட்டி எப்பிடி நீங்கிறது? முதல்ல சேர்க்க வேணும். சேர்த்தால்தான் நீங்காமப் பிடிச்சு வைச்சிருக்கலாம்."

குழு யோசித்தது. நியாயமாகப் பட்டது.

"நான்தானே கூட அடிச்சு வெண்டனான்!" என்று சஜீவன் கத்தினான்.

"நீர் வெண்டனீர்தான் தம்பி, ஆர் இல்லையெண்டது?" என்றார் வீரையா. "ஆனா உம்மட பேரில உடைஞ்ச சாமான் ஒண்டும் இல்லையே. எதை வைச்சு உம்மை எடுக்கிறது?"

திங்கட்கிழமை சுகந்தினி மகளுக்குத் தலை இழுத்துப் பின்னி, பள்ளிக்கூடத்தில் விட்டு, நடந்தே வேலைக்குப் போனாள். அவள் அடித்த கடிதங்களில் சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லை. வீரையா ஒரு கடிதத்தை வாசிக்கத் தொடங்கி மூச்சு முட்டி நடுவில் கதிரையில் இருந்துவிட்டார். பிறகு, "கல்வெட்டில ஆர் இடம் விட்டவை? அப்பவும் அரசாங்கம் நடந்ததுதானே" என்று கையெழுத்து வைத்தார்.

வெள்ளிக்கிழமை பாறூக் சிரித்துக்கொண்டு வந்தார். சட்டைப் பையில் இருந்து நீளக் கட்டை ஒன்றை எடுத்தார்.

"கேள்விப்பட்டன் தங்கச்சி. பழைய கீபோட்டில இருந்து கழட்டினது. ரெண்டு நிமிச வேலை, பூட்டிட்டுப் போறன்."

சுகந்தினி இரண்டு கைகளாலும் கீபோட்டை மூடினாள். "நானா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். கொண்டு போங்கோ."

"காசு வேணாம், சும்மாதான் தாறன்!"

"சத்தம் போடாதேங்கோ. அது சரி வந்தால் என்னை வேலையால விட்டிடுவினம்."

உள் அறையில் கதிரை நகர, கட்டை திரும்பவும் பாறூக்கின் பைக்குள் போனது. "ஆர் அங்க?" வீரையா வெளியே வந்தார். "பாறூக்கோ? நல்ல நேரம் வந்தீர். இந்தக் கட்டை எங்கயாவது எடுக்கலாமோ?"

பாறூக் தலைவரைப் பார்த்தார், சுகந்தினியைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"சரியான கஷ்டம் ஐயா. இந்தச் சாமானை இப்ப ஒரு நாட்டிலயும் செய்யிறேல்லை."