ஹுதைபாவின் சஹனில் ஐந்து இடம்

திகன பக்கம் அந்த வருடம் மூன்று பேர் கொல்லப்பட்டார்கள். மூன்று கழுத்திலும் நைலோன் கயிறு. பொலிஸுக்கு இன்றுவரை ஆள் அகப்படவில்லை. எங்கள் ஊருக்கோ ஒரே வாரத்தில் அகப்பட்டுவிட்டார்: ஹாட்வெயார் கடை ஹுதைபா. கயிறு விற்கிறாரே, வேறென்ன வேண்டும்? கோழி அறுப்பதற்கே ஆள் தேடுகிற மனிதர் அவர். பொலிஸார் விசாரித்து, பிளேன்டீ கொடுத்து அனுப்பினார்கள். பிளேன்டீ கொடுத்ததில்தான் ஏதோ இருக்கிறது என்றது ஊர்.

அதன் பிறகு கயிறு வாங்க ஒருவருக்கும் தைரியம் இல்லை. துணியெல்லாம் வேலியில் காய்ந்தது. கட்டாத மாடுகள் பஜாரில் திரிந்தன. ஹுதைபாவுக்கு ஸலாம் சொன்னவர்களும் தள்ளி நின்றுதான் சொன்னார்கள்.

மஹ்மூத் ஹாஜியாரின் மகள் மின்ஹாவின் கலியாணத்துக்கு ஹுதைபா துணிந்து வந்தார். எங்கள் விருந்தில் ஆறு பேர் ஒரு சஹனைச் சுற்றி உட்கார்ந்து, அந்த ஒரே பெரிய தட்டில் கை வைத்துச் சாப்பிடுவோம். ஐந்து பேர் தன்னோடு கை வைத்துவிட்டால் ஊர் வாய் அடங்கிவிடும் என்று நம்பினார். பாவம், அதற்காகப் புதுச் சட்டை வேறு தைத்திருந்தார்.

பாயில் போய் உட்கார்ந்தார். சுற்றி ஐந்து இடமும் காலி. பக்கத்துச் சஹனில் நாங்கள் எட்டுப் பேர் முழங்கால் இடிக்க நெருங்கியிருந்தோம்.

"இன்னம் அஞ்சி பேர் வாங்கொ! ஆள் நெறையாம சஹன் வைக்கேலா!" என்று பரிமாறுபவர் கத்தினார். ஹுதைபா பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தார். பார்க்கவே பாவமாக இருந்தது. இருந்த இடத்தைவிட்டு அசையாமலே எல்லோரும் பாவப்பட்டோம்.

அப்போது கடுகண்ணாவையிலிருந்து வருகிற முட்டை வியாபாரி நிஸாம் வந்து அவருக்கு எதிரே தொப்பென்று உட்கார்ந்தார். தங்கமான மனிதர்.

"இவங்கட பேச்ச உடுங்கொ நானா. நீங்க அத செய்யல்லெண்டு எனக்கி நல்லாத் தெரியும்."

ஹுதைபாவின் கண் கலங்கியது. எங்களுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"ரெண்டு பேருக்கே வைங்கொ!" என்றார் ஹாஜியார். சஹன் வந்தது. ஹுதைபா முதல் பிடியை எடுத்தார். கை வாய்க்குப் போகாமல் நின்றது.

"அதெப்பிடி நிஸாம், ஒங்களுக்கு அவ்வளவு நிச்சயமாத் தெரியும்?"

வாய் நிறையச் சோறோடு நிஸாம் சிரித்தார். அடுத்த பிடியைத் திரட்டினார்.

ஹுதைபா மெதுவாக எழுந்து எங்களிடம் வந்தார். அவ்வளவு நிச்சயமாகத் தெரிவது செய்தவனுக்குத்தானே, வேறென்ன வேண்டும்? எட்டுப் பேரும் நகர்ந்து இடம் கொடுத்தோம். அவர் நிஸாமுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, எங்களோடு வயிறாரச் சாப்பிட்டார்.