முன்வரிசைக் கல்லறை

ஞாயிற்றுக்கிழமை தோறும் சேந்தமங்கலம் சாலைச் சபையில் இருநூறு பேர் எழுந்து நின்று, "ஆண்டவரே, சீக்கிரம் வாரும்!" என்று கூரைத் தகடு அதிரும்படி ஜெபிப்பார்கள். கடைசி பெஞ்சில் நிற்கிற தனபால் மட்டும் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "வாங்க சாமி, கண்டிப்பா வாங்க. ஆனா இந்த மாசம் மட்டும் வேண்டாமுங்க" என்று முணுமுணுப்பார். உலகத்தில் எத்தனை கோடிக் கிறிஸ்தவர்கள் இருந்தாலும், செத்தவர்களை எழுப்ப இயேசு திரும்பிவரும் இரண்டாம் வருகையை மாதாமாதம் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த ஒரே ஆள் அவராகத்தான் இருக்கும்.

ஒன்பது மாதமாக இதே ஜெபம். கொலை செய்தவன்கூட ஒன்பது மாதத்தில் கொஞ்சம் தேறியிருப்பான். தனபால் இளைத்துக்கொண்டே போனார். வேட்டி இடுப்பை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு மூன்றாவது சுற்றுக்கு ஆள் தேடியது.

காரணம் வேலுமணி. செத்துப்போன வேலுமணி.

இருவருடைய தாத்தாக்களும் ஒரே நாளில், ஒரே கிணற்றுத் தொட்டியில் ஞானஸ்நானம் வாங்கியவர்கள். வேதம் மாறியதே தவிர வீட்டில் பேர் வைக்கிற வழக்கம் மாறவில்லை. வேலுமணி லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தார். தனபால் அந்த லாரிகளை முப்பத்திரண்டு வருடம் ஓட்டினார். அறுபது வருடச் சிநேகிதம், அறுபது வருடச் சண்டை. வேலுமணி சபையில் முதல் பெஞ்சு, மணி அடிக்குமுன் வந்து உட்கார்ந்திருப்பார். தனபால் இரண்டாவது பாட்டுக்குமேல் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு பூனைபோல நுழைவார்.

"ஏப்பா தனபாலு," என்பார் வேலுமணி, பத்துப் பேர் கேட்கும்படி. "எக்காளம் ஊதற அன்னைக்கு நான் மொத ஆளா எந்திரிச்சு அவரு மொகத்தப் பாத்துருவேன். நீ அன்னைக்கும் லேட்டாத்தான் எந்திரிப்பே. பின்னால நின்னு எட்டிப் பாத்துக்க."

வெறும் வாய்ப்பேச்சு இல்லை. கல்லறைத் தோட்டத்தில் கிழக்கு ஓரமாக, முன்வரிசையில், தனக்கென்று ஓர் இடத்தை இருபது வருடம் முன்பே போதகரிடம் சொல்லிப் பிடித்துவைத்திருந்தார், பஸ்ஸில் துண்டு போட்டு சீட்டுப் பிடிப்பதுபோல. எதிரே ஒரு குட்டைச் சுவர், அதைத் தாண்டினால் கொல்லிமலை. "அவரு மலைக்கு மேலதான் வருவாரு. நடுவுல ஒரு தலை மறைக்காது பாரு" என்று அந்த இடத்தில் நின்று காட்டுவார். அந்தத் தோட்டத்தில் எல்லாரையும் தலை மேற்கே, கால் கிழக்கே வைத்துத்தான் புதைப்பது வழக்கம். எழுந்து உட்கார்ந்ததும் முகம் நேராகக் கிழக்கைப் பார்க்க வேண்டும். சின்னப் பிள்ளைக்குக்கூட அது தெரியும்.

போன ஆடியில் வேலுமணி பட்டறையில் நின்றபடியே மாரடைப்பில் போனார். சவப்பெட்டியைப் பட்டறை ஆட்களே செய்தார்கள். வேறு கடையில் வாங்கினால் முதலாளிக்கு அவமானம் என்று மேஸ்திரி கைலாசம் ஒற்றைக் காலில் நின்றார். அந்தப் பெட்டியில் பதினாறு டன் அரிசி ஏற்றி ஆந்திராவுக்கு அனுப்பலாம், அவ்வளவு உறுதி. வழக்கமாகச் சவப்பெட்டி தோள்பக்கம் அகன்று கால்பக்கம் குறுகும். லாரி கட்டியே பழகிய கைக்கு அது வரவில்லை. இரண்டு முனையும் ஒரே அகலம். மூடி அறைந்துவிட்டால் தலை எது, கால் எது என்று பெற்ற தாய்க்கும் தெரியாது.

ஆனால் கைலாசம் கடைசியாக ஒரு வேலை செய்தார். லாரிக்கு முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு ஒட்டுவதுபோலத் தலைமாட்டில் வெள்ளைப் பட்டை, கால்மாட்டில் சிவப்புப் பட்டை, வெளிச்சம் பட்டால் ஜொலிக்கிற ரகம். போதகர் திகைத்துப்போய்ப் பார்த்தார்.

"ஸ்டிக்கர் இல்லாம நம்ம பட்டறையில இருந்து ஒரு வண்டியும் வெளிய போனதில்லீங்க ஐயா" என்றார் கைலாசம், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

போதகர் இரண்டு முனையிலும் பெரிய மாலையாக வாங்கிப் போட்டு மறைத்தார்.

அந்த ஆடியில் காற்றுக்குப் பதில் மழை. கல்லறைத் தோட்டத்தின் பெரிய வாசலில் யானை விழுந்தால் கொம்பு மட்டும் தெரிகிற அளவுக்குப் பள்ளம். பெட்டி ஏற்றிய லாரியைப் பின்வாசல் வழியாகக் கொண்டுவரலாம் என்றவர் தனபால். "முப்பத்திரண்டு வருசமா ரிவர்ஸ் எடுத்தவனுக்கு நீங்க சொல்லித் தரீங்களா? அக்கட்டால போங்க எல்லாரும்" என்று அதட்டிவிட்டு, மழையில் நனைந்தபடி கையை ஆட்டினார். "வா வா வா… ரைட்ல ஒடி… வா வா… போதும்!" வண்டி அழகாக நின்றது. ஆனால் வழி மாறி வந்ததில் பெட்டியின் திசையும் மாறியிருந்தது. இறக்கியவர்கள் இறக்கியபடியே குழிக்குக் கொண்டுபோனார்கள். எந்தப் பக்கம் தலை என்று தெரிந்த பட்டறை ஆட்களோ பெரிய வாசலுக்கு வெளியே நின்றுவிட்டார்கள்.

மேற்கு முனைக் கயிறு தனபால் கையில். பெட்டி பாதி இறங்கியபோது மாலை சரிந்தது. மேகத்துக்குள்ளிருந்து எட்டிப்பார்த்த துளி வெயிலில், அவர் காலடியில் பளிச்சென்று சிவப்பு.

மேற்கே சிவப்பு. அப்படியானால் தலை கிழக்கே.

தனபால் வாயைத் திறந்தார். 'நிறுத்துங்க' என்ற ஒரு சொல் போதும். முதலில் நாக்கைப் பிடித்தது வீம்பு. ரிவர்ஸ் பார்த்தவர் அவரே, அதட்டியவரும் அவரே. அது மட்டுமென்றால் அவர் தன்னையே மன்னித்துக்கொண்டிருப்பார். அடுத்து வந்ததுதான் வினை. அடிவயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. 'முன்சீட்டா கேட்டே? முன்சீட்டுல உக்காந்து பின்னால பாரு!' மூன்று விநாடிச் சிரிப்பு. அதற்குள் பெட்டி அடியைத் தொட்டு, முதல் பிடி மண்ணும் விழுந்துவிட்டது.

அன்று வீட்டுக்கு வந்து குளித்து, சோற்றில் கை வைத்தபோது அந்தச் சிரிப்பு கசந்தது. அப்புறம் இனிக்கவே இல்லை.

கண்ணை மூடினால் போதும், கடைசி நாள் வந்து நிற்கும். எக்காளம் ஊதுகிறது. மண் பிளக்கிறது. தோட்டம் முழுக்க எல்லாரும் எழுந்து கொல்லிமலையைப் பார்த்துக் கைகூப்புகிறார்கள். வேலுமணி ஒருவர் மட்டும் அவர்களுக்கு எதிராகத் திரும்பி உட்கார்ந்து, மேற்கே நாற்பதாயிரம் கோழி அடைத்த கொட்டகையைப் பார்த்துக்கொண்டு, "எங்கப்பா அவரு? எங்கப்பா?" என்று கேட்கிறார்.

போதாக்குறைக்கு ஊர் நாமக்கல். நிமிடத்துக்கு ஒரு லாரி ஏர்ஹாரன் அடிக்கிற ஊர். எக்காளம் எப்படி இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? பாம்ப்ப்ப் என்று ரோட்டில் சத்தம் கேட்டாலே கையிலிருக்கிற இட்லி கீழே விழும். அந்த ஒன்பது மாதத்தில் அவர் வீட்டு வாசற்படியில் விழுந்த இட்லியைத் தின்றே நான்கு நாய்கள் கன்றுக்குட்டி அளவுக்குக் கொழுத்தன.

"ஏனுங்க, நீங்களே அடிச்ச ஹாரன்தானுங்க இது. இப்ப என்ன புதுசாப் பயம்?" என்பாள் மனைவி செல்லாயி.

"பயமில்ல. வயசாச்சு" என்பார்.

தாங்காமல் ஒருநாள் போதகரிடம் போனார். "ஐயா, ஒரு சந்தேகமுங்க. ஒருத்தரத் தெரியாம திசை மாத்திப் பொதைச்சுட்டா, அந்த நாள்ல என்னாகுமுங்க?"

போதகர் சிரித்தார். "கடல்ல போனவங்களையும் தீயில போனவங்களையும் எழுப்பறவருக்குத் திசை ஒரு கஷ்டமாங்க? எப்படிப் படுத்திருந்தாலும் எழுப்புவாரு, தன் பக்கம் திருப்புவாரு. அதுதானே நம்ம நம்பிக்கை."

வாசல்வரை தனபாலுக்கு மனசு பஞ்சுபோல இருந்தது. செருப்பை மாட்டும்போது உறைத்தது. வேலுமணியை ஆண்டவர் திருப்பிவிடுவார். அதில் சந்தேகமே இல்லை. 'தெரியாம' என்று போதகரிடம் சொன்னோமே, அதை யார் திருப்புவது? அந்தச் சிரிப்பை? திரும்பிப் போய்ச் சொல்லலாமா என்று நின்றார். செருப்பு பஸ் நிறுத்தத்துக்குக் கூட்டிப்போனது.

பங்குனியில் வேலுமணியின் மனைவி கண்ணாத்தாள் வந்தாள். ஈஸ்டருக்குள் கருங்கல்லில் கல்லறை கட்டி, தலைமாட்டில் சிலுவை நிறுத்த வேண்டும். "நீங்க நின்னு பாத்துச் செஞ்சு குடுங்கண்ணா. அவருக்கு உங்களாட்டம் சிநேகிதம் வேற ஆரு?" என்றாள். அந்த ஒரு வரிக்குப் பதில் அவள் செருப்பால் அடித்திருக்கலாம்.

தனபால் நின்று பார்த்தார். கொத்தனாரை நோகடித்தார். கல் சரியில்லை என்றார், மட்டம் சரியில்லை என்றார், காற்று சரியில்லை என்றுகூடச் சொன்னார். நாலு நாள் வேலை பதினெட்டு நாள் இழுத்தது. சிலுவையை மேற்கே நட்டுவிட்டால் அவருடைய பொய்யைக் கல்லில் எழுதிய மாதிரி. அப்புறம் சொல்ல வாய் வராது, அது அவருக்கே தெரியும்.

ஈஸ்டருக்கு முந்திய சனிக்கிழமை பிற்பகல். கொத்தனார் சிலுவைக்குக் குழி பறிக்கக் கம்பியை எடுத்தார். கண்ணாத்தாள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்குக் காலைல எல்லாரும் இங்க பாட வாரப்ப, இவரு சிலுவை புதுசா நிக்கும்ணா," என்றாள். "மனுசன் ஆசப்பட்டதெல்லாம் ஒண்ணே ஒண்ணு. எந்திரிச்சதும் மொதல்ல ஆண்டவரு மொகந்தான் தெரியணும்னாரு. அது ஒண்ணாச்சும் குறையில்லாம செஞ்சுட்டோம், பாருங்."

சேந்தமங்கலம் ரோட்டில் ஒரு லாரி ஹாரன் அடித்தது. டீ டம்ளர் தனபால் கையிலிருந்து நழுவியது.

"கொத்தனாரே, நிறுத்துங்க!"

ஒன்பது மாதம் தாமதமாக அந்தச் சொல் வந்தது.

சொன்னார். பின்வாசல், மழை, ரிவர்ஸ், சரிந்த மாலை, சிவப்புப் பட்டை. அவர் முடித்ததும் கண்ணாத்தாள் கேட்டாள்.

"அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும் அம்மிணி."

"கயிறு கையில இருக்கறப்பவே?"

"இருக்கறப்பவே."

"ஏன் சொல்லல? மழைன்னா? கூட்டம்னா?"

மழை என்று சொல்லியிருக்கலாம். அவளே எடுத்துக் கொடுத்தாள். "சிரிப்பு வந்துச்சு" என்றார் தனபால். "முன்சீட்டு முன்சீட்டுன்னு என்னைய ஏளனம் பண்ணுவான்ல? நல்லா வேணும்னு தோணுச்சு. மூணே விநாடி. அப்பறம் சொல்ல மொகமில்ல."

கண்ணாத்தாள் எழுந்தாள். அறுபது கிலோ உடம்பு அந்த நேரம் அறுநூறு கிலோவாக நின்றது. "மூணு விநாடியா? நானு ஒம்போது மாசமா காலைல எந்திரிச்சு, கெழக்க பாத்து, அவரு பாக்கற பக்கம்னு நெனச்சுச் சாமி கும்புடறேன். அதே சபையில கடைசி பெஞ்சுல நின்னு ஆமென் சொன்னீங்களேண்ணா. நாக்கு கூசல?"

"கூசுச்சு அம்மிணி."

"கூசட்டும்."

அவள் கல்லறையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். கிழக்கு முனையில் நின்று கீழே பார்த்தாள், அங்கேதான் தலை என்று இப்போதுதான் தெரிந்ததுபோல. சேலைத் தலைப்பால் அந்த இடத்துக் கல்லைத் துடைத்தாள்.

"தோண்டித் திருப்பச் சொல்லட்டுமா? போதகர்கிட்ட நானே போய்ச் சொல்றேன்" என்றார் தனபால்.

"தூங்கறவர இன்னொருக்கா தொந்தரவு பண்ண வேண்டாம். எழுப்பறவரு எப்படியும் எழுப்புவாரு. எனக்கு அதுல சந்தேகமில்ல." கொத்தனாரிடம் திரும்பினாள். "சிலுவைய இங்க நடுங்க. தலை இருக்கற பக்கம்."

"ஏனுங்கம்மா, எல்லாச் சிலுவையும் மேக்க இருக்குது. இது ஒண்ணு மட்டும் எதிர்ல நின்னா சனம் கேக்குமே" என்றார் கொத்தனார்.

"கேக்கட்டும். அண்ணன் சொல்லுவாரு. நாளைக்கு இங்கயே நின்னு, கேக்கறவங்களுக்கெல்லாம் அவரு வாயாலயே சொல்லட்டும். சிரிச்சதையும் சேத்து." பிறகு கல்லறையின் வடபக்கத்தில் காலியாகக் கிடந்த தரையைக் காட்டினாள். "தெக்கால எனக்கு. வடக்கால உங்களுக்கு. அந்த நாள்ல எந்திரிச்சதும் நீங்க மொதல்ல கெழக்க பாக்கக் கூடாது. இவரு பக்கந் திரும்பி, மொகத்தப் பாத்து மன்னிப்புக் கேட்டு, நீங்களே இவரத் திருப்பி விடணும். அப்பறந்தான் ஆண்டவரு மொகம்."

"சரி அம்மிணி."

"ரிவர்ஸ் பாத்தவரு நீங்கதான?" என்றாள். உதட்டோரம் ஏதோ துடித்தது. சிரிப்பா, அழுகையா என்று பார்க்கத் தனபாலுக்குத் தைரியம் இல்லை.

மறுநாள் விடியற்காலை சபை முழுவதும் மெழுகுவர்த்தியோடு வந்தது. தனபால் மணி அடிக்குமுன் வந்திருந்தார், பிறந்ததிலிருந்து முதல்முறையாக. எதிர்த்து நின்ற ஒற்றைச் சிலுவையைப் பார்த்து முதல் ஆள் கேட்டார், தனபால் சொன்னார். இரண்டாவது ஆள், சொன்னார். பதினைந்தாவது ஆளுக்கும் சிரித்ததைச் சேர்த்தே சொன்னார். அறுபதாவதாகப் போதகர் வந்தார். "தெரியாம இல்லீங்கய்யா" என்றுதான் அவரிடம் தொடங்கினார். சிலர் முறைத்தார்கள். ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், உடனே தன் சிரிப்புக்குத் தானே பயந்து நாலடி தள்ளிப்போனார். எத்தனை முறை சொல்லியும் குற்றம் குறைந்ததாகத் தெரியவில்லை. ஆனால் இப்போது அதற்கு ஓர் இடம் இருந்தது, வேலுமணிக்கு வடக்கே, ஆறடி.

கொல்லிமலைக்கு மேலே வானம் வெளுத்தது. எல்லாரும் கிழக்கே திரும்பிப் பாடினார்கள். "ஆண்டவரே, சீக்கிரம் வாரும்" என்று போதகர் தொடங்க, "வாரும்" என்றார் தனபால். மாதத்தைக் குறிப்பிடவில்லை.

பாட்டு முடியுமுன் அவர் மட்டும் வடபக்கத்து வெற்றுத் தரையில் போய் நின்று, சூரியனைப் பார்க்காமல், கல்லறைப் பக்கம் திரும்பினார். முப்பத்திரண்டு வருடம் ஸ்டியரிங் பிடித்த கழுத்து அவ்வளவு சுலபமாகத் திரும்பாது. இடது கன்னத்தில் வெயில் இளஞ்சூடாக விழுந்தது. கையை மெல்ல ஆட்டிப் பார்த்தார்.

"மன்னிச்சுரு வேலுமணி," என்றார் அடிக்குரலில். "வா… வா… ரைட்ல ஒடி… இன்னுங் கொஞ்சம் வா…"

பின்னால் யாரும் 'போதும்' என்று சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை.