ஓய்வு நாள்

சாம் ஈர மணலில் கால் பெருவிரலால் ஒரு கோடு கிழித்து, அதன் பின்னால் நின்றான். முதுகில் பத்து கிலோ மணல் அடைத்த பை. மீன் விற்கும் செல்லம்மாவின் தராசில் நிறுத்துக் கட்டியது. ஜாய்ஸ் கைபேசியை அழுத்தி "ம்" என்றதும் ஓடினான். புதுப்பட்டினம் கரையில், வடக்கே கவிழ்த்துக் கிடக்கும் நீலப் படகைத் தொட்டுத் திரும்பினால் ஐந்து கிலோமீட்டர்.

"இன்னா ஜாய்ஸ், உன் வூட்டுக்காரு போலீசு தொரத்துற மாரி ஓடினுகீறாரு?" என்று கூடையோடு போன செல்லம்மா சிரித்தாள். ஜாய்ஸும் சிரித்து வைத்தாள்.

எல்லையில் ராணுவக் காவலில் இருந்தபோது பனியில் வழுக்கி சாமின் இடது கணுக்கால் முறிந்து நான்கு மாதம் ஆகிறது. வரும் வியாழன் அவன் படைக்குத் திரும்பிப் போய் ஓடிக் காட்ட வேண்டும். இருபத்தெட்டு நிமிடத்துக்குள் முடித்தால் மறுபடி எல்லை. முடியாவிட்டால் சென்னைப் பக்கமே ஸ்டோர் வேலை. தினமும் சாயங்கால ரயிலில் செங்கல்பட்டு வந்து இறங்கி வீட்டுக்கு வந்துவிடலாம். கல்யாணமாகி ஒன்பது வருடம். சேர்ந்து இருந்த நாட்களைக் கூட்டினால் பதினான்கு மாதம் தேறாது.

படைப்பிரிவில் பயிற்சி கொடுக்கும் உஸ்தாத் சொன்னதை சாம் தமிழில் எழுதி பீரோ கதவில் ஒட்டியிருந்தான். முதலில் நடை. பிறகு நடையும் ஓட்டமும் மாறி மாறி. பிறகு வெறும் ஓட்டம். கடைசியில் சுமையோடு ஓட்டம். வாரத்துக்குக் கொஞ்சம்தான் கூட்ட வேண்டும். கடினமான நாளுக்கு மறுநாள் கட்டாயம் ஓய்வு. உடம்பு பலமாவது ஓய்வில்தான். அந்த வரியின் கீழ் அவனே இரண்டு கோடு போட்டிருந்தான்.

போன சனிக்கிழமை கைபேசி இருபத்தேழு நிமிடம் ஐம்பது நொடி காட்டியது. "எத்தினி?" என்று அவன் கேட்டபோது "முப்பது" என்று சொல்லிவிட்டாள். யோசித்துச் சொல்லவில்லை. மறுநாள், ஓய்வு நாளில், அவள் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் பையைத் தூக்கிக்கொண்டு தனியாக ஓடியிருக்கிறான். வந்து பார்த்தால் கணுக்கால் பழம்போல வீங்கியிருந்தது.

அவள் ஐஸுக்கு ஓடியபோது செல்லம்மா எதுவும் கேட்கவில்லை. மீன் பெட்டியிலிருந்து இரண்டு கையாலும் அள்ளிக் கொடுத்தாள். "மீனு கெட்டா கெடட்டும் போ. காலு கெடக்கூடாது."

மீன் வாசமடித்த அந்த ஐஸைத் துணியில் சுற்றி ராத்திரி வரை ஒற்றினாள். ஜெபத்தில் அவன், "கர்த்தரே, இந்தக் காலைக் குணமாக்கும்" என்றான். அவளுக்கு ஆமென் வரவில்லை. அந்த வாரம் நான்கு நாள் அவனைக் கட்டிலை விட்டு இறங்கவிடவில்லை.

இப்போது தூரத்தில் அவன் வருவது தெரிந்தது. இடது காலை இழுக்காமல் வந்தான். கோட்டைத் தாண்டி, முட்டியில் கையூன்றி மூச்சு வாங்கினான். கைபேசியை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவள் சொல்வதுதான் அவனுக்குக் கணக்கு.

"எத்தினி ஆச்சி?"

அலை ஒன்று வந்து போனது.

"இருபத்தேழரை." பிறகு, "போன வாரமும் இருபத்தெட்டுக்குள்ளதான் வந்தீங்க. நான்தான் மாத்திச் சொல்ட்டேன்."

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"அதான் ஆமென் சொல்லலியா நீ?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவன் பையைக் கழற்றி வைத்துவிட்டு மணலில் உட்கார்ந்து, பக்கத்தில் அவளுக்கும் இடம் தட்டிக் காட்டினான்.

"நாளைக்கு ஓடல. உன்கூட கோயிலுக்கு வரேன்."

அவள் உட்கார்ந்தாள். பையின் வாயை அவிழ்த்து மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டினாள். கடைசியில் ஒரு கைப்பிடி மட்டும் கொட்டாமல் வைத்திருந்தாள். அவன் முதுகின் சூடு அதில் இன்னும் ஆறவில்லை.